விளக்கு யார் சொல்வதைக் கேட்கிறது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ரயில்வே சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



நிகழ்ச்சி நிரலில் என் பேச்சை "டி.ஜே. பெட்டி விளக்கம்" என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அம்மாமண்டபம் ரோட்டில் ஒரு நண்பர் என்னை நிறுத்தி, "என்ன சார், இந்த வயசில் டி.ஜே.வா?" என்று கேட்டார். இல்லை. எனக்குப் பாட்டும் வராது, ஆட்டமும் வராது. 34 வருடம் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவன். விளக்கு எரிந்தால் ஏன் எரிகிறது, அணைந்தால் ஏன் அணைந்தது என்று பார்ப்பதுதான் என் தொழில். போன பொங்கல் விழாவில் நடந்ததும் ஒரு விளக்குச் சமாச்சாரம்தான் என்பதால் இதைப் பேச நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நடந்தது பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சாமியானாவுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு ஒரு லேப்டாப், அதோடு பட்டன்களும் தள்ளுகட்டைகளும் உள்ள அந்தக் கறுப்புப் பெட்டி. மாடி வீட்டுத் தம்பி ஆப்பரேட்டர். குழந்தைகளுக்கு மியூசிக்கல் சேர் நடந்துகொண்டிருந்தது. அறிவிப்பு மைக்கும் லேப்டாப் வழியாகத்தான் போகிறது. பெட்டியில் ஒரு பட்டன்: அழுத்தினால் மைக் திறக்கும், மறுபடி அழுத்தினால் மூடும். பட்டனுக்குள்ளேயே ஒரு விளக்கு.

தம்பி பட்டனை அழுத்தி மைக்கைத் திறந்தான். விளக்கு எரிந்தது. அறிவிப்பு முடிந்ததும், லேப்டாப் பக்கம் நின்றிருந்த இன்னொருவர் திரையிலேயே மவுஸால் மைக்கை மூடிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான். மைக் மூடிவிட்டது. ஆனால் பெட்டியில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இரண்டு நிமிடம் கழித்துத் தம்பி அதைப் பார்த்து, "அடடா, மைக் திறந்திருக்கே" என்று ஒரு தட்டுத் தட்டினான். விளக்கு அணைந்தது. மைக் திறந்துகொண்டது!

அந்த நேரத்தில் மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தவன் நான். "மைக் மூடியிருக்காப்பா?" என்று கேட்டேன். தம்பி விளக்கைப் பார்த்தான். "மூடியாச்சு தாத்தா" என்றான். நான் பொருளாளரிடம் நம் உறுப்பினர் ஒருவருடைய சந்தா பாக்கியைப் பற்றி, அவர் குடும்ப நிலையையும் சேர்த்து, சொல்லக்கூடாத விதத்தில் சொன்னேன். தெரு முழுக்கக் கேட்டது. அந்த அம்மா இரண்டாவது வரிசையில் பேத்தியோடு உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து போய்விட்டார்கள். சங்கத்துப் பக்கம் அப்புறம் வரவில்லை. நான் சொன்னதில் பாதி தப்பு என்பது பிறகு ரசீது புத்தகத்தைப் புரட்டியபோது தெரிந்தது. அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அது எனக்கும் அவர்களுக்குமான விஷயம், இங்கே விரிக்கவில்லை.

ஆனால் தம்பியைத் திட்டினார்களே, "பொறுப்பில்லாத பையன்" என்று, அதை மட்டும் இந்தக் கூட்டத்தில் திருத்தியாக வேண்டும். அவன் பார்க்க வேண்டியதைப் பார்த்தான். பார்த்ததைச் சொன்னான். விளக்குதான் பொய் சொன்னது. வாயைத் திறந்தது நான்.

விளக்கு ஏன் பொய் சொன்னது என்பதற்கு வருகிறேன்.

பழைய கேபினில் லீவரை இழுத்தால், தொலைவில் உள்ள சிக்னலின் கை இறங்க வேண்டும். நடுவில் நீளமான கம்பி. வெயிலில் அது நீண்டுபோகும், சில சமயம் அறுந்தும் போகும். சிக்னல் வளைவுக்கு அப்பால் இருந்தால் கண்ணுக்கும் தெரியாது. அதனால் கேபினுக்குள் ரிப்பீட்டர் என்று ஒரு சின்னக் கருவி வைப்பார்கள். அது லீவரைப் பார்த்துக் காட்டுவது கிடையாது. சிக்னல் கம்பத்தின் உச்சியில், அந்தக் கையிலேயே மின் இணைப்பு இருக்கும். கை நிஜமாக இறங்கினால்தான் மின்சாரம் திரும்பி வந்து ரிப்பீட்டர் மாறும். லீவருக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்விட்ச் வைத்து விளக்கை எரிய விட்டிருந்தால் கம்பிச் செலவு மிச்சம். ஆனால் அந்த விளக்கு "நீ லீவரை இழுத்தாய்" என்று மட்டும்தான் சொல்லும். அது எனக்கே தெரியுமே, நான்தானே இழுத்தேன்?

நம் பெட்டியில் இருந்தது அந்த மாதிரி விளக்கு. விரல் தட்டியதை எண்ணிக்கொண்டிருந்தது: ஒன்று என்றால் எரி, இரண்டு என்றால் அணை. கணினியில் மைக் திறந்திருக்கிறதா என்று அது யாரையும் கேட்கவே இல்லை. திரை, பெட்டி என்று இரண்டு இடத்திலிருந்து ஒரே மைக்கைத் திறந்து மூட முடியும்போது, விரலை எண்ணுகிற விளக்கு என்றைக்காவது ஒருநாள் தலைகீழாகத்தான் போகும். அதிலும் நாம் பயன்படுத்தும் மென்பொருளில், மைக் பட்டனை லேசாகத் தட்டினால் திறந்தபடி நிற்கும். அழுத்திப் பிடித்தால் பிடித்திருக்கும் வரைதான் திறந்திருக்கும், விட்டதும் மூடிக்கொள்ளும். விளக்குக்கு இரண்டும் ஒரே தட்டுதான். திரையை யாரும் தொடாமலேயே இது தடம் புரளும்.

சரி செய்வதற்கு முன்னால் அந்தப் பெட்டி கணினியோடு என்ன பாஷை பேசுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதன் பெயர் மிடி. அமெரிக்காவில் டேவ் ஸ்மித், ஜப்பானில் ரோலண்ட் கம்பெனியின் இக்குதாரோ ககேஹாஷி, இந்த இருவரும் முன்கை எடுத்துக் கொண்டுவந்தது. 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் இரண்டு வேறு வேறு கம்பெனிகளின் கீபோர்டுகளை ஒரு கேபிளால் இணைத்து, ஒன்றில் வாசித்தால் மற்றொன்றும் ஒலிக்கிறது என்று காட்டினார்கள். மூன்று வருடம் கழித்து, 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியின் துணையோடு இசை அமைத்தார் என்று நாமெல்லாம் வியந்து பேசிக்கொண்டோமே, கிட்டத்தட்ட அந்தக் காலத்துச் சரக்கு. இன்றைக்கும் பாஷை மாறவில்லை.

பாஷையும் ரொம்பச் சின்னது. ஒரு செய்திக்கு மூன்று எண். முதல் எண் என்ன காரியம், எந்தச் சேனல் என்று சொல்லும். உதாரணமாக 144 என்றால் முதல் சேனலில் 'நோட் ஆன்'. இரண்டாவது எண் எந்தப் பட்டன் என்பது, 0 முதல் 127 வரை. மூன்றாவது எண் எவ்வளவு அழுத்தம் என்பது, அதுவும் 0 முதல் 127 வரை. பழைய கேபிளில் வினாடிக்கு 31,250 பிட் ஓடும். மூன்று எண் போய்ச் சேர ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஆகும்.

சிக்னல்காரனுக்குச் சந்தோஷம் தருகிற இடம் அடுத்தது. பெட்டி கணினிக்குச் செய்தி அனுப்புகிற மாதிரியே, கணினியும் பெட்டிக்கு அதே செய்தியைத் திருப்பி அனுப்பலாம். பெட்டியிலிருந்து வந்தால் "36-ஆம் பட்டனை அழுத்தினார்கள்" என்று அர்த்தம். கணினியிலிருந்து போனால் "36-ஆம் பட்டனின் விளக்கை ஏற்று" என்று அர்த்தம். பெரும்பாலான பெட்டிகளில் இப்படித்தான். ஆனால் மிடியில் "கிடைத்தது" என்று யாரும் ரசீது கொடுப்பதில்லை. கணினி திருப்பி ஒன்றும் அனுப்பாவிட்டால், பெட்டி அதற்காகக் கவலைப்படாது. நம் வீட்டில் கணினி இத்தனை நாளாக ஒன்றுமே அனுப்பவில்லை. ஏன்? யாரும் அதனிடம் சொல்லவில்லை.

நாம் வைத்திருப்பது மிக்ஸ் என்ற இலவச டி.ஜே. மென்பொருள். இணையத்தில் தேடுகிறவர்கள் கடைசி எழுத்தான எக்ஸை மூன்று முறை போடுங்கள், இல்லாவிட்டால் சமையல் மிக்ஸி வருகிறது. அதில் அமைப்புகளுக்குள் கன்ட்ரோலர்கள் என்ற பகுதிக்குப் போனால், கற்றுக்கொடுக்கும் வழி ஒன்று இருக்கிறது. திரையில் ஒரு பட்டனைக் காட்டி, பெட்டியில் ஒரு பட்டனைத் தட்டினால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும். தம்பி இப்படித்தான் அமைத்திருந்தான். எல்லாம் வேலை செய்தது. ஆனால் அந்த வழி, பெட்டியிலிருந்து கணினிக்குப் போகும் பாதையை மட்டும்தான் போடும். திரும்பி வரும் பாதை, அதாவது விளக்குப் பாதை, தனி. பட்டன் வேலை செய்கிறது, விளக்கும் ஏதோ எரிகிறது என்றால் எல்லாம் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

திரும்பும் பாதைக்கு அதே பகுதியில் 'அவுட்புட்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஒரு விளக்குக்கு ஒரு வரி. அந்த வரியில் எதைக் கவனிக்க வேண்டும் என்று முதலில் சொல்ல வேண்டும். நமக்கு 'மைக்ரோஃபோன்' என்ற குழுவில் 'டாக்ஓவர்' என்ற மதிப்பு. மைக் திறந்திருந்தால் அது 1, மூடியிருந்தால் 0. திரையில் தட்டினாலும், பெட்டியில் தட்டினாலும், அழுத்திப் பிடித்தாலும் அது ஒன்றுதான். சிக்னலின் கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, எந்த விளக்குக்கு அனுப்ப வேண்டும். பிறகு குறைந்த அளவு, கூடிய அளவு. மதிப்பு அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தால் 'எரி' எண் போகும், வெளியே போனால் 'அணை' எண் போகும்.

இதில் நான் ஒரு நாள் முழுக்கக் கோட்டை விட்டேன். பட்டியலுக்குப் பின்னால் ஒரு கோப்பு இருக்கிறது. அதையே திறந்து, ஏற்கெனவே இருந்த ஒரு வரியைப் பார்த்து அதே மாதிரி எழுதி, 36 என்று போட்டேன். மைக் பட்டன் எரியவில்லை. மூலையில் சம்பந்தமில்லாத ஒரு பட்டன் எரிந்தது. கம்பியைச் சந்தேகப்பட்டேன், பெட்டியைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் தம்பிதான் கண்டுபிடித்தான்: "தாத்தா, இங்கே எண்ணெல்லாம் பதினாறு பதினாறாக எண்ணுகிற கணக்கு." அந்தக் கணக்கில் 36 என்று எழுதினால் நம் கணக்குக்கு 54. மூன்று பதினாறு நாற்பத்தெட்டு, அதோடு ஆறு. 54-ஆம் பட்டன் விசுவாசமாக எரிந்துகொண்டிருந்தது. நமக்கு வேண்டிய 36-ஐ அங்கே 24 என்று எழுத வேண்டும்.

இன்னொரு தடை, பெட்டி தன் விளக்கைத் தானே ஆட்டிக்கொண்டிருந்தால் கணினி சொல்வது எடுபடாது. பெட்டிக்குள்ளேயே அதை நிறுத்தி, வெளியிலிருந்து வருவதைக் கேள் என்று மாற்ற வேண்டும். கோர்க் கம்பெனியின் நானோகன்ட்ரோல் 2 வைத்திருப்பவர்கள் இதை அறிந்திருப்பார்கள். அதன் சொந்த அமைப்பு மென்பொருளில் விளக்கு முறை உள்ளா வெளியா என்று ஒரு தேர்வு உண்டு. 'வெளி' என்று வைத்தால்தான் கணினிக்குக் கட்டுப்படும். நிறமும் பெட்டிக்குப் பெட்டி வேறு. அகாய் கம்பெனியின் ஏ.பி.சி. மினி முதல் வகையில் 1 அனுப்பினால் பச்சை, 3 அனுப்பினால் சிவப்பு, 5 மஞ்சள். அழுத்தம் சொல்ல வேண்டிய எண் அங்கே நிறம் சொல்கிறது. அதனால் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்த மாதிரி ஏதாவது வாங்கினால், முதலில் அதன் கையேட்டில் விளக்கு எண் அட்டவணையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு விளக்கு சரியாக எரிந்தது. திரையில் மூடினால் பெட்டியில் அணைந்தது. தம்பி கை தட்டினான். எனக்கு மட்டும் திருப்தி இல்லை. யு.எஸ்.பி. கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். சில பெட்டிகள் அப்படியே இருண்டுபோகும். இருட்டு என்றால் மைக் மூடியிருக்கிறது என்றல்லவா நாம் படிக்கிறோம்? லேப்டாப்பில் மைக் திறந்தபடியே இருக்கும்!

ரயில்வேயில் அணைந்துபோன சிக்னல் என்றால் "போகலாம்" என்று அர்த்தமில்லை. அது காட்டக்கூடியதிலேயே மிகக் கடுமையான உத்தரவைக் காட்டுவதாக டிரைவர் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே நம் பெட்டியில் இருட்டுக்கு 'மூடியது' என்ற அர்த்தமே இருக்கக்கூடாது என்று முடிவு செய்தோம். இரண்டு பட்டன்களை எடுத்துக்கொண்டோம். மேலே உள்ளது மைக் திறந்தால் சிவப்பாக எரியும். கீழே உள்ளது மைக் மூடியிருந்தால் பச்சையாக எரியும். பட்டியலில் இரண்டும் அதே 'டாக்ஓவர்' மதிப்பைத்தான் கவனிக்கின்றன. மேல் விளக்குக்கு அளவு 0.5 முதல் 1 வரை. கீழ் விளக்குக்கு 0 முதல் 0.1 வரை. எந்த நேரமும் இரண்டில் ஒன்று எரிந்தே ஆக வேண்டும். இரண்டும் அணைந்திருந்தால் கோளாறு, மைக் திறந்திருப்பதாக வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். சிவப்பும் பச்சையும் சிலருக்கு ஒரே மாதிரித் தெரியும் என்று நம் டாக்டர் அம்மா சொன்னார்கள். அதற்காகத்தான் மேல் கீழ் என்று இடமும் பிரித்தது.

இன்னும் ஒரு ஓட்டை உண்டு. லேப்டாப் அப்படியே உறைந்துபோனால் விளக்கும் கடைசி நிலையிலேயே நிற்கும். பச்சை எரிந்துகொண்டே இருக்கும், அது பழைய பச்சை. அதற்குத் தம்பி நாலு வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதி, மூலையில் ஒரு பட்டனை வினாடிக்கு ஒரு தரம் மினுக்க வைத்திருக்கிறான். மிக்ஸ் அதற்கு இடம் தருகிறது. மூலை மினுக்கிக்கொண்டிருந்தால் கணினிக்கு உயிர் இருக்கிறது. நின்றுவிட்டால் மற்ற எந்த விளக்கையும் நம்பாதே. இதை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனே யோசித்தது. 54-ஆம் பட்டனையே அதற்கு வைத்துக்கொண்டான், என்னைக் கிண்டல் செய்ய.

விளக்கு எதுவரை சாட்சி சொல்லும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது மிக்ஸுக்குள் மைக் திறந்திருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். போன வருடம் பாட்டுப் பாட வந்தவர்களுக்குக் கொடுத்த கார்ட்லெஸ் மைக் லேப்டாப்புக்குப் போகவில்லை, நேராக ஆம்ப்ளிஃபயருக்குப் போனது. அதற்கு இந்த விளக்கு எந்த ஜாமீனும் தராது. அதையும் லேப்டாப் வழியாக விடலாமே என்றால், குரல் உள்ளே போய் வெளியே வருவதற்குள் ஒரு சின்னத் தாமதம் ஏற்படுகிறது. அறிவிப்புக்குப் பரவாயில்லை, பாடுகிறவர்களுக்குத் தாளம் இடிக்கிறது. அதனால் பாட்டு மைக் நேராகத்தான் போகும். பாடி முடித்ததும் அதன் உடம்பில் இருக்கும் ஸ்விட்ச்சை அணைத்து, ஒருவர் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், விளக்கு போதாது.

செயலாளர் என்னிடம் ஒன்று கேட்டிருந்தார்: சத்தம் 55 டெசிபலைத் தாண்டினால் பெட்டியில் சிவப்பு எரிய வைக்க முடியுமா என்று. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என்று இருக்கிறது, இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கியே கூடாது. நல்ல கேள்விதான். மிக்ஸில் ஒலி அளவு காட்டும் மதிப்பு இருக்கிறது, அதை விளக்கில் ஏற்றலாம். ஆனால் அது கணினிக்குள் இருக்கும் அளவு. ஆம்ப்ளிஃபயர் திருகை யாராவது ஒரு சுற்றுத் திருப்பினால் அதற்குத் தெரியாது. தெருவில் எவ்வளவு கேட்கிறது என்பதற்குத் தெருவில் நின்று அளக்கும் மீட்டர்தான் வேண்டும். முடியாததை முடியும் என்று சொல்லி இன்னொரு பொய் விளக்கு வைக்க எனக்கு மனமில்லை.

செலவு ஒன்றும் இல்லை. கோப்பின் நகல் ஒன்று சங்கத்தின் பென் டிரைவில் இருக்கிறது. லேப்டாப் மாறினாலும் அதைப் போட்டுக்கொள்ளலாம். மேஜையில் ஒட்ட ஒரு அட்டை எழுதியிருக்கிறோம்: மேலே சிவப்பு, திறந்தது, கீழே பச்சை, மூடியது, இரண்டும் இல்லை, பேசாதே, மூலை மினுக்கவில்லை, பேசாதே. கையெழுத்து தம்பியுடையது, என்னுடையது யாருக்கும் புரியாது.

வருகிற ஞாயிறு சாயங்காலம் 5 மணிக்கு இந்த ஹாலிலேயே ஒத்திகை. பொங்கலன்று மைக் பக்கம் உட்காரப்போகும் நாலு பேரும் கட்டாயம் வர வேண்டும். கேபிளைப் பிடுங்கியும், திரையில் மூடியும், லேப்டாப்பை அணைத்தும் சோதிப்போம். நான் சொன்ன அந்த அம்மாவைப் போய்க் கூப்பிட்டேன். "நான் வந்து மைக்குப் பக்கத்தில் நின்னு பேசிப் பார்க்கிறேன், நீங்க வெளியே தெருவில் நின்னு கேளுங்க" என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். காபி வந்துவிட்டது என்று பின்னாலிருந்து சைகை காட்டுகிறார்கள், அதனால் ஒரு கேள்விதான்.